பதினேழாம் எண்ணின் வலது கன்னம்

ஞாயிறு, காலை

அன்புள்ள உங்களுக்கு,

இங்கே நானும் மகளும் உங்கள் நாற்பத்தாறு கற்களும் நலம். நீங்கள் அங்கே வெயிலில் தொப்பி போட்டுக்கொண்டுதான் மலையை அளக்கிறீர்கள் என்று நம்புகிறேன். நம்புகிறேன் என்றுதான் எழுத முடியும். நீங்கள் அனுப்பிய போட்டோவில் தொப்பி பக்கத்தில் நிற்பவர் தலையில் இருக்கிறது.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் நான் ஒன்றை ஆரம்பித்தால் நீங்கள் பாதியில் "கேக்குதா, கேக்குதா" என்கிறீர்கள். கேட்கிறது என்று சொல்லி முடிப்பதற்குள் எனக்கு ஆரம்பித்தது மறந்துவிடுகிறது. இன்று எழுதப்போவது பாதியில் நிற்கக்கூடாத விஷயம்.

முதலில் நீங்கள் கேட்ட வேலை. கல் சேர்ப்பவர்களின் சங்க மலரில் வரப்போகும் உங்கள் கட்டுரைக்காகப் பதினேழாம் எண் கல்லை அளந்து அனுப்பச் சொன்னீர்கள். அளந்தேன். லேபில் பல் செட் அளக்கும் கருவியையே கொண்டுவந்தேன். தலை முதல் வால் வரை நாற்பத்தொன்றரை மில்லிமீட்டர். இடது கன்னத்திலிருந்து பின்னால் நீளும் முள் பதினொன்று. வலது கன்னத்தின் முள் ஏழு. ஒவ்வொன்றையும் மூன்று தடவை அளந்து, மூன்றையும் மகள் எழுதிக்கொண்டாள். "அப்பா இருந்திருந்தா நாலாவது தடவை அளக்கச் சொல்லியிருப்பாரு" என்றாள். நாலாவது தடவையும் அளந்தோம்.

அளக்கிற சாக்கில் எல்லா இழுப்பறையையும் திறந்தேன். இத்தனை வருஷம் தூசி தட்டிய கைதான், ஆனால் இந்த வாரம்தான் உட்கார்ந்து பார்த்தேன். பூச்சி என்றால் உங்களுக்குக் கோபம் வரும். பூச்சி இல்லை, ட்ரைலோபைட், ஐம்பது கோடி வருஷத்துக்கு முன்னால் கடலடியில் ஊர்ந்த பிராணி, நீளவாக்கில் மூன்று மடலாக இருப்பதால் அந்தப் பெயர் என்று நீங்கள் நூறு தடவை சொன்னது இப்போதுதான் கண்ணுக்குத் தெரிந்தது. தலையை ஒதுக்கு, வாலை ஒதுக்கு, நடுவில் இருக்கும் விலாக்களை எண்ணு, எண்ணிக்கைதான் இனத்தைக் காட்டிக்கொடுக்கும் என்பீர்களே, அப்படியே எண்ணினேன். ஒன்பதாம் எண்ணுக்கு எட்டு விலா. இருபத்திரண்டுக்குப் பதினொன்று. உங்கள் சீட்டுகள் இரண்டும் நேர்மாறாகச் சொல்கின்றன. மாற்றி வைத்துவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். நீங்கள் சொல்லும்வரை கை வைக்க மாட்டேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். வலது கன்ன முள் குட்டை, அதன் முனை உடைந்ததுபோல் கூராக இல்லாமல் உருண்டு வழவழவென்று இருக்கிறது, ஆகவே ஏதோ பெரிய பிராணி அதைக் கடித்திருக்கிறது, இது தப்பித்துப் புண் ஆறி, சட்டை உரித்து, மேலும் வளர்ந்திருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கடிபடுவது பெரும்பாலும் வலப்பக்கம்தான் என்று யாரோ கணக்கெடுத்ததையும் சேர்த்திருக்கிறீர்கள். படிக்க நன்றாக இருந்தது. அந்தப் பிராணி தப்பித்து ஓடும் இடத்தில் எனக்கே மூச்சு வாங்கியது.

அதை அச்சுக்கு அனுப்பாதீர்கள். பதினேழாம் எண்ணின் ஒரு கன்னம் நான் செய்தது.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால், நீங்கள் லீவில் அளந்துகூடப் பார்க்காமல் காலுறைக்குள் சுற்றிக் கொண்டுவந்தீர்களே, அந்த லீவு முடிந்து நீங்கள் கிளம்பிப் போன பிறகு, துடைக்கும்போது கைதவறி விழுந்துவிட்டது. ஒரு பக்கக் கன்னம் முள்ளோடு தூளாகிவிட்டது. மறுநாளே லேபுக்கு எடுத்துப்போனேன். மிச்சமிருந்த கன்னத்துக்கு அச்சு எடுத்து, அதைப் பார்த்து மறுபக்கத்தை மெழுகில் செதுக்கி, பல்லுக்குப் பூசும் பிசினில் செய்து ஒட்டினேன். கல்லின் நிறம் கொண்டுவர மட்டும் மூன்று மதிய இடைவேளை ஆனது. இரண்டு வருஷம் கழித்து நீங்கள் வந்து லென்ஸ் வைத்துப் பார்த்தபோது நான் இல்லாத தூசியைத் தட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றேன். நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. பிறகு போன லீவில், கடித்த தடத்தைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று துள்ளிக்கொண்டு சமையலறைக்கு ஓடிவந்தீர்கள். சொல்ல வாயெடுத்தேன். உங்கள் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன்.

இதில் பெரிய வெட்கக்கேடு ஒன்று இருக்கிறது. நான் செய்தது எந்தப் பக்கம் என்று எனக்கே இப்போது தெரியவில்லை. லென்ஸ் வைத்துப் பார்த்தாலும் தெரியவில்லை. அவ்வளவு நன்றாகச் செய்திருக்கிறேன். ஒன்றைப் பார்த்து மற்றதைச் செய்தும் முள்ளின் நீளம் ஏன் மாறியது என்பதும் ஞாபகமில்லை. நேற்று லேபில் பழைய வேலை நோட்டைத் தேடி எடுத்தேன். நோயாளி பெயர் என்ற இடத்தில் 17. வேலை: இடது கன்னம் ஒன்று. என் கையெழுத்துதான். வலது என்றால் உங்கள் கட்டுரை அம்பேல். இடது என்றால் அந்தக் கடி உண்மையாகவே இருக்கலாம், முள்ளின் நீளத்தை ஒப்பிட்ட பத்தியை மட்டும் எடுத்துவிட்டால் போதும். நோட்டு இடது என்கிறது. நல்லதாகவே இருக்கட்டும். ஆனாலும் வேறு வழியில் சோதித்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். அதுவரை கட்டுரை உங்களிடமே இருக்கட்டும். மலரை அச்சுக்குக் கொடுக்கும் சங்கத்துக் கண்ணாடிக்காரர் கட்டுரை கேட்டு மூன்று தடவை போன் செய்துவிட்டார்.

என்மேல் கோபம் வந்தால் அதையும் எழுதியே அனுப்புங்கள்.

உங்கள்
பல்காரி


புதன், மதியம்

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் பதில் வருவதற்குள் அடுத்த கடிதம். பொறுக்க முடியவில்லை.

முதலில் அந்த நோட்டு சொன்ன இடது. திங்கட்கிழமை ஒரு பெரியவருக்குக் கீழ்ப்பல் செட் செய்துகொண்டிருந்தேன். இடது கடைவாய் என்று சீட்டில் இருந்தது. என் கை தானாக வலப்பக்கம் போனது. அப்படியே கையை வைத்தபடி உட்கார்ந்துவிட்டேன். எங்கள் தொழிலில் ஆள் நமக்கு எதிரே உட்கார்ந்திருப்பார். அவருடைய இடது நமக்கு வலது. நீங்களோ பிராணியை முதுகு மேலே தெரிய, தலை அந்தப் பக்கம் பார்க்க வைத்து எழுதுகிறீர்கள். அதன் இடது உங்களுக்கும் இடது. நான் தொழில் பழக்கத்தில் உங்கள் பிராணியையும் வாயைத் திறந்துகொண்டு எதிரே உட்காரும் ஆளாக நினைத்து நோட்டில் எழுதியிருந்தால்? வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னேன். "அம்மா, நீ பண்ணத நீயே கண்டுபிடிக்க முடியலன்னா, நீ பெரிய ஆளுதாம்மா" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்புறம்தான் ஒரு யோசனை வந்தது. இயற்கைப் பல் ஊதா விளக்கில் லேசாக ஒளிரும். கட்டிய பல் மட்டும் இருட்டாகத் தெரிந்தால் அசிங்கம் என்று, நாங்கள் பூசும் பிசினிலும் ஒளிரும் பொருளைக் கலந்திருப்பார்கள். கல்லில் அது ஏது? மருந்துக் கடைக்காரர் கள்ள நோட்டு பார்க்க வைத்திருக்கும் ஊதா விளக்கை ஒரு மணி நேரத்துக்குக் கேட்டேன். "என்னம்மா, நோட்டு ஏதாச்சும் மாட்டிக்கிச்சா" என்றார். கன்னம் ஒன்று மாட்டியிருக்கிறது என்று சொல்ல முடியுமா? ஆமாம் என்று சொல்லி வாங்கி வந்தேன்.

குளியலறை ஜன்னலில் போர்வையை மாட்டி, கதவடியில் துண்டைத் திணித்து, நேற்று மதியம் மூன்று மணிக்கு நானும் மகளும் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் பதினேழாம் எண்ணை வைத்தோம். விளக்கைப் போட்டாள். கல் முழுக்கக் கறுப்பு. விலாக்கள் கறுப்பு. இடது கன்னம் கறுப்பு. வலது கன்னம் மட்டும் நிலா வெளிச்சம் பட்டதுபோல் வெளுப்பாக எரிந்தது.

உண்மையைச் சொல்கிறேன். வெட்கப்படுவதற்கு முன்னால் ஒரு நொடி எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஒட்டிய இடம் ஒரு மயிரிழை. விலாவோரம் எங்கேயும் வழியவில்லை. அந்த நொடியிலேயே மறந்துபோனதும் ஞாபகம் வந்தது. கடைசி நாள் பாலிஷ் சக்கரத்தில் முள்ளின் முனை ஒடிந்தது. மறுபடி முதலிலிருந்து செய்யப் பொறுமையில்லாமல், ஒடிந்த முனையையே உருட்டி வழித்து முடித்துவிட்டேன். ஆறிய புண்ணின் விளிம்பு என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்களே, அந்த வழவழப்பு என் சக்கரத்தின் வழவழப்பு. கடித்த பிராணி நான்தான்.

விளக்குதான் கையில் இருக்கிறதே என்று மீதி நாற்பத்தைந்தையும் வரிசையாகக் காட்டினோம். நல்ல செய்தி, நாற்பத்து நாலு உத்தமமான கல். கெட்ட செய்தி, முப்பதாம் எண். பழம்பொருள் சந்தையில் அந்த மீசைக்காரர் கொடுத்தாரே, ஒரு குறையுமில்லாத உருப்படி என்று நீங்கள் தலையணை பக்கத்தில் வைத்துத் தூங்கினீர்களே, அது. வால் மட்டும்தான் கல். மேலே இருப்பதெல்லாம் பிசினும் பெயின்ட்டும். வெளியே கொண்டுவந்து விலாக்களை எண்ணினேன். இடப்பக்கம் ஒன்பது, வலப்பக்கம் பத்து. செய்தவன் என் தொழில் தெரிந்தவன், உங்கள் தொழில் தெரியாதவன். எனக்குக் கோபமாகக்கூட வரவில்லை. எப்படி அச்சு எடுத்தான் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இன்னொன்று. இருபத்திரண்டாம் எண்ணை லேபுக்குக் கொண்டுபோய் அதன் கண்ணைப் பெரிய லென்ஸில் பார்த்தேன். கண் முழுக்கக் குட்டிக் குட்டி உருண்டைகள், வரிசை வரிசையாக. கல்லானதால் இப்படி ஆகவில்லை, உயிரோடு இருந்தபோதே அதன் கண்வில்லை கல்தான் என்று எப்போதோ சொன்னீர்கள். நான் அடுப்பில் எதையோ கிளறிக்கொண்டே உம் கொட்டினேன். இப்போது கேட்கிறேன், கல் வழியாக அதற்கு என்ன தெரிந்திருக்கும்? வெளிச்சம் மட்டுமா, உருவமுமா? உருண்டைகளை எண்ணினேன், அறுபத்து மூன்று. சாப்பாடு கொண்டுவந்த மகள் எண்ணினாள், அறுபத்தாறு. சாப்பாட்டு நேரம் முடிந்து, பக்கத்து மேசைக்காரர் எண்ணி அறுபத்தைந்து என்றார். லேபில் இன்னும் சண்டை நடக்கிறது. உங்கள் பைத்தியம் எனக்கும் ஒட்டிக்கொண்டது, போதுமா?

நேற்றுச் சாயங்காலம் கண்ணாடிக்காரர் நேரிலேயே வந்துவிட்டார். பதினேழாம் எண்ணை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "இந்தக் கடி இருக்கே, இது ஒண்ணுக்காகவே மலர எல்லாரும் வாங்குவாங்கம்மா. அட்டையில போடலாம்னு இருக்கேன்" என்றார். என் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் உங்கள் கல், உங்கள் கட்டுரை, நீங்கள் கேட்டு முடிப்பதற்கு முன்னால் ஊர் கேட்கக்கூடாது என்று, "அவர ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேங்க" என்று டீ கொடுத்து அனுப்பினேன். இருபத்தைந்தாம் தேதி அச்சுக்குப் போகிறதாம்.

உங்கள் பெயரில் ஒரு பொய் அச்சாகக்கூடாது. அதுவும் நான் செய்த பொய். உங்களுக்கு இது எவ்வளவு வலிக்கும் என்று தெரியும். நீங்கள் இதுவரை எழுதிய ஒரே கட்டுரை. மன்னித்துக்கொள்ளுங்கள் என்று எழுதுவது சுலபமாக இருக்கிறது, அதனால் எழுதக் கூச்சமாக இருக்கிறது. நிறுத்திவிடுங்கள், அவ்வளவுதான்.

உங்கள்
பல்காரி


சனி, காலை

அன்புள்ள உங்களுக்கு,

என் இரண்டு கடிதங்களும் ஒரே நாளில் வந்து சேர்ந்ததாக எழுதியிருக்கிறீர்கள். படித்துவிட்டு நீங்கள் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறைக்காரர்கள் எழுந்து வந்தார்களாமே. நான் இங்கே பத்து நாளாகச் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தேன். உங்களைக் கட்டிக்கொண்டதற்கு எனக்கு யாராவது பரிசு கொடுக்க வேண்டும்.

புதிய கட்டுரை வந்து சேர்ந்தது. பழையதைக் கிழித்துப் போட்டுவிட்டு ஒரே ஞாயிற்றுக்கிழமையில் எழுதினீர்கள் என்பதை நம்பவே முடியவில்லை. ஒட்டுவேலையைக் கண்டுபிடிப்பது எப்படி என்று, ஊதா விளக்கு, விலா எண்ணிக்கை, முப்பதாம் எண், குளியலறைப் போர்வை உட்பட எல்லாவற்றையும் எழுதியிருக்கிறீர்கள். எழுதியவர் பெயரில் என்னையும் சேர்த்திருக்கிறீர்கள். மகள் அதை வாங்கி மூன்று தடவை சத்தமாகப் படித்தாள். ஒன்பதும் இருபத்திரண்டும் சீட்டு மாறிப்போனது நிஜம்தான் என்று ஒப்புக்கொண்டீர்களே, அதைப் படித்தபோது எனக்குப் பட்டம் வாங்கியதுபோல் இருந்தது. புதுச் சீட்டு எழுதி மாற்றிவிட்டேன். கண் உருண்டை அறுபத்தைந்தா அறுபத்தாறா என்று நீங்களே வந்து எண்ணிக்கொள்ளுங்கள்.

உங்கள் கால் வலிக்கு அங்கே டாக்டர் கொடுத்த தைலத்தைத் தடவுகிறீர்களா, இல்லை பெட்டியில் வைத்துப் பூட்டியிருக்கிறீர்களா? மகளுக்கு அடுத்த மாதம் பரீட்சை. குழாய் மறுபடி ஒழுகுகிறது.

கட்டுரையைப் படித்துப் பார்த்து, தப்பு இருந்தால் திருத்திக் கண்ணாடிக்காரரிடம் நேராகக் கொடுத்துவிடு என்று எழுதியிருக்கிறீர்கள். படித்தேன். எண்களில் இரண்டு தப்பு இருந்தது, திருத்திவிட்டேன். மூன்றாவது தப்பு ஒரு வரியில் இருக்கிறது. அதை உங்களிடம் சொல்லாமல் திருத்த முடியாது.

"வீட்டில் கைதவறி விழுந்து உடைந்த வலது கன்னத்தை, பல் செட் செய்யும் என் மனைவி சீர்செய்தார்" என்று எழுதியிருக்கிறீர்கள். யார் கையும் தவறலாம், இதற்குப் போய் ஒன்பது வருஷம் பயந்தாயா என்று கடிதத்திலும் கேட்டிருக்கிறீர்கள். அவ்வளவு அன்பாக எழுதியிருக்காவிட்டால் நான் இதை மனதிலேயே வைத்துக்கொண்டு போயிருப்பேன்.

கை தவறவில்லை. நான் எறிந்தேன்.

அந்த லீவில் நீங்கள் வந்தது பதினெட்டு நாள். முதல் நாளே காலுறையிலிருந்து எடுத்து, "இது உனக்கு. எனக்கில்ல, உனக்கு" என்று என் கையில் வைத்தீர்கள். இரண்டு வருஷ ஒப்பந்தம் முடிந்துவிட்டது, இனி வீட்டோடுதான் இருப்பீர்கள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். நீங்களும் அதை மறுத்துச் சொல்லவில்லை. பதினேழாவது நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன், நாளைக்குக் கிளம்பணும் என்றீர்கள். போட்டு ஒரு மாதம் ஆகியிருந்தது. வரும்போதே தெரிந்துதான் வந்திருக்கிறீர்கள். உங்கள் சட்டைகளை மடித்துப் பெட்டியில் வைத்தேன். வாசலில் நின்று கையசைத்தேன். வண்டி திரும்பியதும் உள்ளே வந்து, கையில் அகப்பட்டதை எடுத்துச் சமையலறைச் சுவரில் முழு பலத்தோடு எறிந்தேன். அகப்பட்டது அதுதான். காலண்டருக்குப் பின்னால் சுவரில் ஒரு குழி இருக்கிறது. மகள் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். அவளுக்கும் இன்றுவரை தெரியாது.

பிறகு தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டே துண்டுகளைப் பொறுக்கினேன். தூளை ஒட்ட முடியவில்லை. ஒரு பாவமும் அறியாமல் அத்தனை கோடி வருஷம் கல்லுக்குள் முழுசாக இருந்ததை நான் ஒரே நொடியில் உடைத்துவிட்டேன் என்பது ஒரு பக்கம். நீங்கள் திரும்பி வரும்போது அது உடைந்திருந்தால் ஏன் என்று கேட்பீர்கள், கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது என்பது இன்னொரு பக்கம். அதனால்தான் மறுநாளே லேபுக்கு ஓடினேன். உங்களை ஏமாற்ற நினைத்துச் செய்யவில்லை. என் கோபம் உங்கள் கண்ணில் படக்கூடாது என்று செய்தேன். அதை நீங்கள் லென்ஸ் வைத்துப் பார்த்து, ஏதோ பிராணியின் கடி என்று எடுத்துக்கொண்டீர்கள்.

அந்த வரியை இப்படித் திருத்தியிருக்கிறேன்: "என் மனைவி எறிந்ததில் வலது கன்னம் உடைந்தது, பிறகு அவரே அதைச் செய்து ஒட்டினார்." கல்லுக்கு நடந்தது எதுவோ அதைத்தான் சீட்டில் எழுத வேண்டும் என்பது நீங்கள் சொன்னது. சங்கத்தில் யாராவது சிரித்தால் சிரிக்கட்டும். ஆனால் இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு நீங்கள் சரி என்று சொன்ன பிறகுதான் கண்ணாடிக்காரரிடம் கொடுப்பேன். இருபத்தைந்துக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது.

நீங்கள் போனதற்காக நான் எறியவில்லை. வேலை என்றால் போகத்தான் வேண்டும், எனக்கும் தெரியும். ஒருவேளை கேட்டிருந்தால் போய்வாருங்கள் என்று நானே சொல்லியிருப்பேன். கேட்கவில்லையே, அதற்குத்தான்.

உங்கள் கடிதத்தின் கடைசியில், கையெழுத்துக்குக் கீழே, பென்சிலால் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். கம்பெனியில் இன்னும் இரண்டு வருஷம் இருக்கச் சொல்கிறார்கள், பார்க்கலாம் என்று. கையெழுத்துப் போட்டுவிட்டீர்களா, இன்னும் போடவில்லையா என்று அந்த வரியிலிருந்து எனக்குத் தெரியவில்லை. பத்துத் தடவை படித்தும் தெரியவில்லை. லென்ஸ் வைத்துப் பார்த்தாலும் தெரியாது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள். நீங்கள் எங்கே இருந்தாலும் ஒரு குறையும் வராமல் இருக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பில்லை. இன்னும் போடவில்லை என்றால், போடுவதற்கு முன்னால் என்னைக் கேளுங்கள். நீங்கள் கேட்டால் நான் என்ன சொல்வேன் என்று எனக்கே தெரியாது. சரி என்றும் சொல்லலாம். ஆனால் கேளுங்கள்.

உங்கள்
பல்காரி